நீ சொல்ல நான் எழுதிய பரீட்சை

இன்று மதிய இடைவேளையில் நீதிமன்ற அலுவலகத்தின் பின்னறையில் யாரோ பொமெலோ பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போவதற்கு முன்பே தாழ்வாரத்தில் வாசனை வந்துவிட்டது. ஈப்போ பக்கத்தில் தம்பூன் சாலையோரக் கடைகளில் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் பழம். தடித்த தோலைப் பிளக்கும்போது கசப்பும் இனிப்புமாக மூக்கில் ஏறுகிற வாடை. அடுத்த வழக்குக்கு இன்னும் நேரம் இருந்தது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றுவிட்டேன்.

உன்னைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. உன்னைத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் முதன்முதலில் சந்தித்த அன்றும் நீ பொமெலோதான் உரித்துக்கொண்டிருந்தாய். கல்லூரி நூலகத்தின் ஓரத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன அறை. மேசையெல்லாம் வெள்ளைச் சக்கைத் தோல். உன் மடக்குக் கோல் நாற்காலியில் சாய்ந்திருந்தது. சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்ததால் நான் வாயைத் திறந்த முதல் பேச்சே இப்படி ஆகிவிட்டது.

“இங்க சாப்பிடக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு.”

“அப்படியா? எனக்கு யாரும் வாசிச்சுக் காட்டலையே,” என்றாய். “அதுக்குத்தானே உன்னை வேலைக்கு வச்சிருக்காங்க. உக்காரு. பழம் சாப்பிடு.”

மாணவர் நலப் பிரிவு ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் நான் வந்திருந்தேன். வாசிப்பாளர் தேவை, மணிநேரக் கணக்கில் ஊதியம். அந்தப் பிரிவை நடத்திய மலாய் அம்மாளை நாம் எல்லோரும் மலாய் மரியாதைப்படி புவான், அதாவது அம்மையார், என்றே கூப்பிடுவோம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “மலாயும் ஆங்கிலமும் தடுமாறாமல் வாசிப்பாயா?” ஆமாம் என்றேன். அப்பாவிடம் கேட்காமல் எனக்கென்று ஒரு கைப்பேசி வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதைத் தாண்டி எனக்குப் பெரிய நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

அப்போதே உன்னிடம் வாசிக்கும் கணினி இருந்தது. ஆனால் அச்சுப் புத்தகங்கள் அதற்குள் போகவில்லை. போன கொஞ்சத்தையும் அது மலாய் தெரியாத வெள்ளைக்காரன் போல வாசித்தது. நீ வரலாறு படித்தாய். நான் மொழிபெயர்ப்பு. உன் பாடத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதால் அலுப்பாக இருக்குமோ என்று பயந்தேன்.

முதல் பக்கத்தை வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நீ சிரித்தாய்.

பேச்சின் முடிவில் ‘லா’ ஒட்டுகிற நம் ஊர் வழக்கில் சொன்னாய்:

“அழகா வாசிக்காதலா. சும்மா வாசி. எது சோகம், எது முக்கியம்னு நான் பாத்துக்கிறேன்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கை காட்டி நிறுத்தினாய். “ஏதோ விட்டுட்டே. மூச்சு மாறுச்சு.”

“அடிக்குறிப்புதான். முக்கியமா ஒண்ணும் இல்ல.”

“முக்கியமா இல்லையான்னு நான் சொல்றேன். நீ வாசி.”

அதே வாரத்தில் ஒரு படம் வந்தது. பழைய ரப்பர் தோட்டத்துப் படம். ‘தொழிலாளர்கள் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு துரை’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனேன். நீ விடவில்லை. பொம்பளைங்க எந்தப் பக்கம், கையில என்ன வச்சிருக்காங்க, யாரு கேமராவைப் பாக்கறாங்க, கால்ல செருப்பு இருக்கா என்று கேட்டுக்கொண்டே போனாய். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். துரையின் காலில் முழங்கால்வரை பூட்ஸ். மற்ற யார் காலிலும் ஒன்றுமில்லை. முன்வரிசையில் ஒரு பெண் ஒரு காலின் மேல் மறுகாலை வைத்து நின்றிருந்தாள். சொன்னேன்.

உன் அம்மா ரப்பர் மரம் சீவியவர் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாய். தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் போய் வீடமைப்புப் பகுதி வந்ததும், ஈப்போவுக்கு வடக்கே செமோரில் மலிவு விலை வீடு ஒன்றுக்கு நீங்கள் மாறியிருந்தீர்கள். உனக்குப் பார்வை மங்கத் தொடங்கியது தோட்டத்தில் இருக்கும்போதே. அதனால் உன் நினைவில் இருந்த நிறங்களெல்லாம் அங்கே பார்த்தவை.

என் வீடு ஈப்போவிலேயே, சிலிபினில் இருந்தது. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அப்பாவும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அவர் பேப்பரை இறக்கவே இல்லை. “படிக்கிற பிள்ளைக்கு வேலை என்னத்துக்கு?” என்றார். அம்மா வேறு மாதிரி. “அந்தப் பிள்ளைக்கு உதவி செய். காசு மட்டும் வாங்காதை. புண்ணியம்.”

அதை உன்னிடம் வந்து சொன்னேன். சம்பளம் வேண்டாமென்று புவானிடம் சொல்லிவிடலாமா என்றும் கேட்டேன். நீ என் வீட்டுத் தமிழைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டி முதலில் கேலி செய்தாய். பிறகு கேலியை நிறுத்திவிட்டாய்.

“இங்க பாரு. புண்ணியத்துக்கு வந்தேன்னா, நீ லேட்டா வர்றப்ப நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். சம்பளம் வாங்கு. அப்பதான் நான் திட்ட முடியும்.”

திட்டவும் செய்தாய். மழையில் பேருந்து தாமதமாகி நனைந்து வந்த அன்றுகூட, முதலில் திட்டிவிட்டுத்தான் கைக்குட்டையை நீட்டினாய்.

நடக்கும்போது நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். கையை விடுவித்துக்கொண்டு என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வாய். “நீ என்னைக் கூட்டிட்டுப் போகல. நான் உன்கூட வாரேன்,” என்பாய். கண்டீனில் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடைக்கார அக்கா என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளைக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டதும், “உறைப்பு இல்லாம ஒண்ணு” என்று நான் சொல்லிவிட்டேன். நீ அன்று சாப்பிடவில்லை. “எனக்கு உறைப்பு பிடிக்கும். வாயும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். மறுநாள் அதே கடைக்கு என்னைக் கூட்டிப் போய், “அக்கா, இவளுக்கு என்ன வேணும்னு என்கிட்ட கேளுங்க,” என்றாய். அந்த அக்கா சிரித்த சிரிப்பில் கோபமெல்லாம் போய்விட்டது.

என் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன வாரத்திலும் நான் வேலைக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன். பாதியில் நீ, “புத்தகத்த மூடு. வேலை முடிஞ்சிடுச்சு,” என்றாய்.

“இன்னும் நேரம் இருக்கே.”

“நான் முதலாளிலா. முடிஞ்சிடுச்சுன்னா முடிஞ்சிடுச்சு. இப்ப என்னாச்சுன்னு சொல்லு.”

அன்றிலிருந்துதான் நாம் தோழிகள் என்று நினைக்கிறேன். வேலை நேரம் வேறு, பேசும் நேரம் வேறு என்று நீதான் கோடு போட்டாய். வேலை நேரத்தில் என் கதை எதையும் கேட்க மாட்டாய். முடிந்ததும் கேட்காமல் விட மாட்டாய்.

உன்னை ஒரே ஒரு விஷயம்தான் உண்மையில் அரித்தது. தேர்வில் நீ சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வேறு துறை மாணவி ஒருத்தியைப் புவான் அனுப்புவார். நீ நல்ல புள்ளிகள் எடுத்தாய். உங்கள் வரலாற்று விரிவுரையாளர் ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், “உனக்கு எழுதுகிற பெண் கெட்டிக்காரி போலிருக்கிறது,” என்றார். வகுப்பே சிரித்தது, நீயும் சேர்ந்து சிரித்தாய். பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னாய்:

“நல்ல மார்க் வாங்கினா அது எழுதுறவளோடது. கொறஞ்சா மட்டும் என்னோடது. இது என்ன கணக்குலா?”

அந்தக் கடைசிப் பருவத் தேர்வுக்கு வருகிறேன். உனக்கு எப்போதும் எழுதுகிறவளுக்கு அன்று காலை காய்ச்சல். புவான் என்னைக் கூப்பிட்டார். அந்தப் புத்தகங்களையெல்லாம் உனக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான், பதில்கள் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். “நீ அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. விதிப்படி சரி. அவள் சொல்வதை எழுது, வேறெதுவும் செய்யாதே,” என்றார். நீ அறை வாசலில் காத்திருந்தாய். “வாயத் தொறக்காத, சரியா?” என்று மட்டும் சொன்னாய்.

தனி அறை. ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் ஒருவர் கண்காணிப்பாளர். முதல் கேள்விகள் நன்றாகப் போயின. கடைசிக் கேள்விக்குத்தான் புள்ளிகள் அதிகம். ரப்பர் தோட்டங்களின் வரவால் கிந்தா பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பொருளாதார மாற்றங்களை விளக்குக. வாசித்தேன். இன்னொரு முறை கேட்டாய். அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தேன். தலையாட்டிவிட்டுச் சொல்லத் தொடங்கினாய்.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளைப் பற்றிச் சொன்னாய். கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் சொன்னாய். விடியுமுன் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போகும் பெண்களைச் சொன்னாய். தோட்டம் கைமாறியபோது யார் எங்கே போனார்கள், எந்த உறவு எப்படி அறுந்தது என்று மலாயில் நிறுத்தாமல் சொன்னாய். அவ்வளவு நன்றாக நீ பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் கேள்வி பொருளாதாரத்தைக் கேட்டிருந்தது. நீ சமூக மாற்றங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஒருமுறை இருமினால் போதும், நீ புரிந்துகொள்வாய். கேள்வியை நானாக இன்னொரு தடவை வாசித்தாலும் போதும். கண்காணிப்பாளர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் நீ தேறினால்தான் ஆசிரியர் பயிற்சிக்கான இடம் உறுதி. அதுவும் எனக்குத் தெரியும். பேனா நின்றுவிட்டது.

“நிக்காத. எழுது,” என்றாய்.

எழுதினேன். முடிந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டு, “நல்லா வந்திருக்கு,” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தாளை மடித்துக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் தூறல் போட்டது. என் முழங்கையைப் பிடித்தபடியே கேட்டாய். “ஏன் நிறுத்தினே?”

“இப்ப சொல்லலாமா?”

“பேப்பர் குடுத்தாச்சு. சொல்லு.”

சொன்னேன். இருமிக் காட்ட நினைத்ததையும் சொன்னேன். என் கையிலிருந்து உன் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. செமோர் பேருந்து வந்தது. கோலைத் தட்டி நீயாகவே ஏறிப் போனாய். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே பிள்ளை? ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார். எனக்கும் இரண்டு மனமாகத்தான் இருந்தது. அழுகை வந்தது. அதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிராத அப்பா, கையில் சோற்றோடு தலையை நிமிர்த்தினார்.

“சொல்லாதது சரி. அது அந்தப் பிள்ளையின்ர சோதனை. வேலையெண்டால் வேலைதான்.”

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் சாப்பிடத் தொடங்கினார்.

ஒருவழியாக நீ கூப்பிட்டாய். “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. அம்மா கோழி வாங்கியிருக்காங்க.” செமோர் வீட்டில் உன் அம்மா பரிமாறினார். நீ தட்டை எட்டித் தள்ளிவிட்டுச் சொன்னாய்:

“நீ இருமியிருந்தா நான் பாஸாயிருப்பேன்.”

“ஆமா.”

“நாலு நாள் அதையே நெனச்சு உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் தோணுச்சு. நீ இருமியிருந்தா, அடுத்த தடவை நான் எழுதுறப்ப எது என்னோடது, எது உன்னோடதுன்னு எனக்கே தெரியாது. அதுக்கு மேல உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.”

உன் அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். “அவளுக்கு வீம்பு ஜாஸ்திம்மா. நீ சாப்பிடு.”

நீ அந்தத் தாளில் தேறவில்லை. பயிற்சிக் கல்லூரி இடம் அடுத்த சேர்க்கைக்குத் தள்ளிப்போயிற்று. எந்த வேலைக்குப் போகவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாயோ, அதே தொலைபேசி இணைப்பாளர் வேலையை அந்த இடைவெளியில் பார்த்தாய். “வணக்கம், காத்திருங்கள்” என்று மலாயில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்பாய். அதற்கு நான் காரணமா இல்லையா என்று நீ ஒருபோதும் பேசியதில்லை.

ஆனால் முடிவு வந்த வாரம் விரிவுரையாளர் உன்னை அறைக்கு அழைத்தார். வாசல்வரை நான் வந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு நீயே சொன்னாய். தவறான கேள்விக்கு எழுதிய பதில் என்றாராம். கொஞ்சம் பொறுத்து, சீவுகிற பெண்களைப் பற்றி இவ்வளவும் எங்கே படித்தாய் என்று கேட்டாராம். “என் அம்மா சொன்னது,” என்றிருக்கிறாய்.

“அப்படியானால் இது உன் சொந்த வார்த்தை.”

“பாஸான பேப்பரும் என் சொந்த வார்த்தைதான் சார்.”

அவர் மன்னிப்புக் கேட்டாராம். வெளியே வந்து என் தோளைத் தேடிப் பிடித்துச் சிரித்தாய். “ஃபெயிலானதுக்கு அப்புறம்தான் நம்புறாங்க, பாத்தியா!” சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நூலகச் சுவரோரம் உன்னோடு நின்றேன்.

மறுதேர்வுக்கு வேறு ஆளை அனுப்பட்டுமா என்று புவான் கேட்டார். “அவளே வரட்டும்,” என்றாய். தேறினாய்.

படிப்பு முடிந்து நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகம் போனபோது அனுபவம் என்ன என்று கேட்டார்கள். கல்லூரியில் ஒரு தோழி சொன்னதை எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் தவறாகச் சொன்னாலுமா என்று கேட்டார் ஓர் அதிகாரி. ஆமாம் என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது என்று நீ அடித்துச் சொல்வாய்.

நீ தாப்பாவில் வரலாற்று ஆசிரியையானாய். உன் கோலின் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஓடிப்போய் உட்காருவார்கள் என்று பெருமையடித்துக்கொள்வாய். பிறகு சிறுநீரகம் பழுதானது. ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்புக்கு நீ வரும் நாட்களில் வேலை முடிந்து நானும் வருவேன். இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழ் வாசிப்பேன். மரண அறிவித்தல் பக்கத்தை நான் சத்தமில்லாமல் திருப்பினால் கண்டுபிடித்துவிடுவாய். “அதையும் வாசி. தெரிஞ்சவங்க இருப்பாங்க,” என்பாய். வாசிப்பேன். உன்னுடையது வந்த அன்று அதை நான் எனக்குள்ளேயே வாசித்துக்கொண்டேன்.

செமோரில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் உறவுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதானேம்மா அவளுக்குப் பரீட்சையெல்லாம் எழுதிக் குடுத்தது? பெரிய மனசு,” என்றார். துக்க வீட்டில் திருத்தக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை மட்டும்தான் என்னோடதுங்க அண்ணே. பரீட்சை எழுதினது அவதான்,” என்றேன்.

உன் அம்மா தலையசைத்தார்.

போன மாதம் ஒரு வழக்கு வந்தது. சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து வயதான அம்மா ஒருவர் சாட்சி சொல்ல வந்திருந்தார். வீட்டு எல்லைத் தகராறு. தன் பக்கத்து வழக்கையே பலவீனமாக்கும் ஒரு விஷயத்தை அவர் கூண்டில் நின்று சொல்லிவிட்டார். வேலியை முதலில் நகர்த்தியது தன் கணவர்தான் என்று. அவருடைய வழக்கறிஞர் என்னைக் கூர்ந்து பார்த்தார். அந்த அம்மா சுற்றி வளைத்துப் பேசியதில், கொஞ்சம் மங்கலாக மொழிபெயர்க்க இடம் இருந்தது. வாயெடுத்தவள் பாதியில் நின்றேன். ‘நிக்காத’ என்றது உன் குரல். அவர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே, சொன்ன அளவிலேயே மலாயில் சொன்னேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

“நான் சொன்னத அப்படியே சொன்னியாம்மா?”

“அப்படியேதான் சொன்னேன் அம்மா.”

“ஒண்ணும் விடலையே?”

“விடல.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப சரி,” என்றார். பிறகு படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.